மாரிக்கு முந்தி: புரட்டாதியில் செய்யவேண்டிய தோட்ட வேலைகள்

திருகோணமலையில் மழை ஐப்பசியில் தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும். கொட்டும் மழையில் விதை போட்டால் பாதி அழுகிவிடும். அதற்கு முன்பே வேர் பிடித்த கன்று தப்பிக்கொள்ளும். ஆகவே மிளகாய், கத்தரி நாற்றுமேடையைச் செப்டெம்பர் 20 அளவில் போட்டுவிடுங்கள்.

மேடை 1 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம். நீளம் உங்கள் தேவைக்கு. மண்ணைக் கொத்தி நனைத்து, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி, கச்சான் காற்று அடங்கிய நேரம் பார்த்து எரியுங்கள். தீ மெதுவாகப் புகைந்தால்தான் சூடு உள்ளே இறங்கும். குப்பென்று எரிந்தால் பயனில்லை. ஆறியபின் மக்கிய மாட்டெருவைக் கலந்து, 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் கோடு கீறி, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். மேலே வைக்கோல் மூடாக்கு. முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளுத்து நீளும்.

முளைத்த நாற்று அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கி விதைத்ததும் மாலையில் தண்ணீர் விட்டதுமே பெரும்பாலும் காரணம். பூவாளியால் காலையில் ஊற்றுங்கள், நெருக்கமான இடத்தில் பிடுங்கிக் கலையுங்கள்.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரக் கிணறுகளில் இந்த மாதம் உவர் ஏறும். நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் கீழ் உவர் மேலே வரும். வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள். பாத்தியில் வெள்ளை படிந்தால் நாற்றுக்குக் குழாய்த் தண்ணீர்தான்.

மிளகாய் நாற்று ஐந்து வாரத்தில் நடவுக்கு வரும், கத்தரி நாலு வாரத்தில். கடைசி வாரம் தண்ணீரைக் குறைத்து வெயில் காட்டுங்கள். நடவு இடைவெளி மிளகாய்க்கு 60க்கு 45 சென்ரிமீற்றர், கத்தரிக்கு 90க்கு 60. மாலையில் நடுங்கள். தக்காளியை இப்போது நடாதீர்கள்: அடைமழையில் வாடலும் பழவெடிப்பும்தான் மிஞ்சும். கார்த்திகை கடைசியில் நாற்றுப் போட்டுத் தையில் நடுவதே புத்தி.

வடிகாலை நடவுக்கு முன்பே வெட்டுங்கள். பாத்திக்கு இடையில் ஒரு மண்வெட்டி அகலம், 20 சென்ரிமீற்றர் ஆழம் போதும். ஆனால் தண்ணீர் எங்கே போய் விழும் என்று முதலே பார்க்க வேண்டும். பக்கத்து வளவுக்குள் விட்டால் வேறு பிரச்சினை! பசளையை மணல் நிலத்தில் ஒரே தடவையில் போடாதீர்கள், முதல் மழையே கழுவிக்கொண்டு போகும். மாட்டெரு சதுர மீற்றருக்கு 1 கிலோ. பச்சைச் சாணம் வேண்டாம், கறையான் வரும்.

முருங்கைக் கொப்பு காற்றுக்கு இலகுவாக முறியும். உயர்ந்தவற்றை இப்போதே தறித்துவிடுங்கள். வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தேங்கி அழுகாது. குலை தள்ளிய வாழைக்கு, சாயும் பக்கத்தில் இரண்டு தடியைக் கத்தரிக்கோல் போலக் குறுக்காகக் கட்டி முட்டுக் கொடுங்கள். 2020 டிசம்பர் 2இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. ஐப்பசிக்குள் முட்டு நின்றாக வேண்டும்.