குடல் ஒட்டிக்கொள்வது ஏன்? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

‘ஆபரேஷன் செய்தவர்களுக்குத்தான் குடல் ஒட்டும்’ என்று பலரும் நினைக்கிறார்கள். கத்தியே படாத வயிற்றிலும் ஒட்டும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவினாலோ, இடுப்புப் பகுதியில் நோய்த்தொற்று வந்தாலோ, காசநோய் வயிற்றைத் தாக்கினாலோ, குடலையும் வயிற்றின் உட்சுவரையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வில் அழற்சி உண்டாகிறது. வினை அங்கேதான் தொடங்குகிறது.

சவ்வின் மேற்பரப்பில் இருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள். அது புண்பட்டால் புரதம் நிறைந்த நீர் கசிந்து, ஃபைப்ரின் இழைகளாக உறைந்து, பக்கத்தில் உள்ளதைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். அந்த இழைகளைச் சில நாள்களில் கரைத்துவிட உடலிலேயே நொதி உண்டு. அழற்சி கடுமையானால் அந்த நொதியைத் தடுக்கும் புரதம் கூடிவிடும். கரையாமல் நின்ற இழைகளுக்குள் நார்த்திசு செல்கள் புகுந்து, கொலாஜன் படிந்து, ரத்தக்குழாயும் முளைத்துவிட்டால் பிணைப்பு நிலைத்துவிடும். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிற சங்கதி இது. மாதங்கள் கழித்து மசாஜ் செய்தும் மருந்து குடித்தும் ‘கரைக்க’ முயல்வது வீண்செலவு.

வலி மாத்திரை போட்டு நாள் கடத்துவதும், காய்ச்சல் விட்டதுமே ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதும் அழற்சிக்குத்தான் அவகாசம் தரும். இடுப்பு நோய்த்தொற்றில் இப்படிக் கருக்குழாய் ஒட்டிப்போனது, கரு தங்காமல் பரிசோதனைக்குப் போன பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒட்டல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அப்படியிருக்க, எல்லா வயிற்றுவலிக்கும் அதன்மேல் பழிபோட்டு, பிரித்துவிடச் சொல்லி டாக்டரை நச்சரிப்பானேன்? பிரிப்பதும் ஒரு காயம்தான், மறுபடி ஒட்டக்கூடும். சிறு துளைகள் வழியே கருவி விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சாதாரண ஸ்கேனில் ஒட்டல் பெரும்பாலும் தெரியாது என்பதால், ‘ஸ்கேன் நார்மல்’ என்றதும் இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

உயிருக்கே உலைவைக்கும் தவறு ஒன்று. விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியாமை இவை சேர்ந்து வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்துப் பேதி மருந்து கொடுக்காதீர்கள். சாப்பாடும் தண்ணீரும் தராமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்து எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் பழைய சிசேரியன், குடல்வால் கதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டியிருந்தால் லேப்ராஸ்கோபிக்கு முதல் துளை போடும்போதே கருவி அதில் பட்டுவிடலாம். முன்பே தெரிந்தால் அவர் துளைக்கு வேறு இடம் பார்ப்பார்.