என்ஐஎஸ் இன்னும் ஓடுகிறதா? நிறுத்தும் முன்னும் பின்னும் விடக்கூடாத பிழைகள்

இருபது லினக்ஸ் மெஷின் உள்ள ஒரு லாப். எந்த மேசையில் இருந்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்ட். 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்ஐஎஸ் (கணக்குகளை ஒரு சேர்வரில் வைத்து எல்லா மெஷினுக்கும் பகிரும் முறை) இந்த வேலையை அரை மணித்தியாலத்தில் செய்துதரும். யாழ்ப்பாணத்தில் இப்படியொரு லாப்பைப் பொறுப்பெடுத்தவருக்கு ஓடுகிற ஒன்றில் கைவைக்க மனம் வராததும் இயல்புதான். ஆனாலும் அதை எடுத்தேயாக வேண்டும்.

“உள் நெற்வேர்க்தானே, ஆர் வரப்போகினம்?” என்று விடுவதுதான் மிகப் பெரிய பிழை. ஒரு மாணவர் தன் லாப்டொப்பைச் சுவர் சொக்கற்றில் செருகுகிறார். என்ஐஎஸ் டொமைன் பெயரை லாப் மெஷின் எதிலும் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வைபிகேட் கட்டளையால் பாஸ்வேர்ட் வரைபடத்தை, அதாவது என்ஐஎஸ் பகிரும் கணக்குப் பட்டியலைக் கேட்டால் எல்லோருடைய ஹாஷும் (பாஸ்வேர்ட்டின் உருமாற்றிய வடிவம்) வரிவரியாகத் திரையில் விழும். ஹாஷ்களைத் தனியே வைக்கும் ஷடோ வரைபடத்தை 1024க்குக் கீழான போர்ட்டிலிருந்து கேட்டால் மட்டும் கொடு என்று விதி போட்டாலும் பயனில்லை. அந்தப் போர்ட்டுகள் முழு அதிகாரம் உள்ள ரூட்டுக்குரியவை; தன் லாப்டொப்பில் ரூட் அவர்தானே. ஹாஷ் பழைய டெஸ் வகையென்றால் பாஸ்வேர்ட்டின் முதல் 8 எழுத்துக்கு அப்பால் எதுவும் கணக்கில் இல்லை.

மாற்றும்வரை ஓடத்தான் வேண்டுமென்றால் எந்த முகவரிகளுக்குப் பதில் சொல்லலாம் என்று சேர்வரில் குறிக்கும் செக்யூர்நெட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். 0.0.0.0 என்று இரண்டு தரம் எழுதிய வரி இருந்தால், கேட்கிற எவருக்கும் சேர்வர் பதில் சொல்லும். அதை லாப்பின் முகவரிகளுக்குச் சுருக்குங்கள். மெஷினில் என்ஐஎஸ் சேர்வரைத் தேடிப் பிடிக்கும் வைபிபைண்ட்டை, நெற்வேர்க் முழுதும் கூவிக் கேட்கும் புரோட்காஸ்ட் முறையில் விடவேண்டாம்: முதலில் பதில் சொல்பவரைச் சேர்வர் என்று நம்பிவிடும்.

ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஆம் பதிப்பில் என்ஐஎஸ் பொதிகள் இல்லை. அவை கிடைக்கும் டிஸ்ட்ரோக்களிலும் சிஸ்டம்டியின் லொகின்ட் (லொகின்களைக் கவனிக்கும்) சேவைக்கு நெற்வேர்க் தடை இருப்பதால் லொகின் இழுபடலாம். அதைச் சரிசெய்ய அந்தத் தடையையே தளர்த்துவது வியாதிக்கு மேல் வியாதி.

என்ஐஎஸ்ஸுக்குப் பதிலான கணக்குச் சேர்வர் ஃபிரீஐபிஏக்கு மாறும்போது அதிகம் சறுக்குவது யுஐடியில், அதாவது பயனர் எண்ணில். புதிதாகக் கணக்குத் திறந்தால் அது தன் வீச்சிலிருந்து பெரிய எண் ஒன்றைக் கொடுக்கும். என்எஃப்எஸ்ஸில் (நெற்வேர்க் வழிப் பகிரும் கோப்புச் சேமிப்பில்) உள்ள கோப்புக்கோ உரிமையாளர் 1043 என்ற எண் மட்டுமே. மாணவர் உள்ளே வருவார், தன் கோப்பையே திறக்க முடியாது. ஆகவே பழைய யுஐடி, ஜிஐடி (குழு எண்) இரண்டையும் குறிப்பிட்டே கணக்கைச் சேர்க்கவேண்டும். பாஸ்வேர்ட்டைப் புதிதாக வைக்கச் சொல்லுங்கள். பழைய ஹாஷ்கள் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம்.

அடுத்தது நேரம். ஃபிரீஐபிஏ ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் கேர்பரோஸ் வழமையாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். கரண்ட் நின்று வந்ததும், மதர்போர்ட் பட்டரி செத்த மெஷின் பழைய திகதியோடு எழும்பும், லொகினுக்கு வேண்டிய கேர்பரோஸ் டிக்கெற் கிடைக்காது. எல்லா மெஷினிலும் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி ஓடட்டும்.

சேர்வரை மட்டும் நிறுத்தி, மெஷின்களில் வைபிபைண்ட்டை விட்டுவிட்டால், தெரியாத ஒரு பெயரைத் தேடும்போதே எல்லாம் தொங்கி நிற்கும். முதலில், பெயர்களை எங்கே தேடுவதென்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் பாஸ்வேர்ட், ஷடோ, குரூப் வரிகளிலிருந்து என்ஐஎஸ்ஸை எடுத்து எஸ்எஸ்எஸ் (ஃபிரீஐபிஏயிடம் கேட்கும் சேவை) என்று சேருங்கள். அங்கே கொம்பாட் (கூட்டல் குறி வரிகளால் என்ஐஎஸ்ஸை இழுக்கும் பழைய முறை) என்று இருந்தால் ஃபைல்ஸ் என மாற்றி, பாஸ்வேர்ட் கோப்பின் அடியில் கூட்டல் குறியோடு கிடக்கும் வரியையும் அழியுங்கள். அது இருக்கும்வரை என்ஐஎஸ் பின்கதவால் வரும். வைபிபைண்ட்டை நிறுத்தி, கெட்என்ட் கட்டளையால் ஒரு மாணவரின் பெயரைத் தேடி, பழைய யுஐடியே வருகிறதா என்று ஒவ்வொரு மெஷினிலும் பாருங்கள். கடைசி மெஷினும் சரியென்ற பிறகுதான் சேர்வரில் கை வைக்கலாம்.