சம்ப்புல இருந்து சொம்பு வரைக்கும்: வீட்டுத் தண்ணிய நாமளே செக் பண்றது எப்படி

போன ஐப்பசி மழையில எங்க வீட்டுல மூணு பேருக்கு அடுத்தடுத்து வயித்துப்போக்கு, சின்னவளுக்கு ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்குப் போயிடுச்சு. வெளில சாப்பிட்டதா இருக்கும்னுதான் நினைச்சோம், தண்ணி மேல சந்தேகமே வரல, ஏன்னா டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்தா 310தான் காட்டுச்சு, பாக்கவும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அப்புறம் சம்ப் மூடியத் தூக்கினப்பதான் தெரிஞ்சுது, ஓரத்துல விரல் நுழையுற அளவுக்கு விரிசல், தெருவுல தேங்கின மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கியிருக்கு.

டிடிஎஸ் மீட்டர் கரைஞ்ச உப்ப மட்டும்தான் காட்டும், கிருமி அதுக்குத் தெரியவே தெரியாது. இத அன்னைக்குத்தான் புரிஞ்சுகிட்டேன். சென்னையில தாம்பரம், மேடவாக்கம் பக்கம் எங்களை மாதிரி போர் தண்ணியும் லாரி தண்ணியும் கலந்து ஓட்டுறவங்க, வீட்டுத் தண்ணிய செக் பண்ற இந்த வேலைய ஒரு லீவு நாள்ல ஆரம்பிச்சிடலாம்.

ஸ்டெப் 1: வீட்ட ஒரு பேப்பர்ல வரைங்க

போர், சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர் தொட்டி எல்லாத்தையும் குறிங்க. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னும் கேட்டு குறிங்க, இதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. போருக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைஞ்சது 50 அடி இடைவெளி வேணும்னு சொல்வாங்க. அரை கிரவுண்டு மனை 30க்கு 40ன்னு வச்சுக்கோங்க, மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான் வருது, அப்ப நம்ம பக்கம் எவ்வளவு தள்ளி வச்சாலும் பின்வீட்டு செப்டிக் டேங்க் நம்ம போர் பக்கத்துலயே இருக்க வாய்ப்பு இருக்கு. பாதாளச் சாக்கடை வராத தெருக்கள்ல எல்லா வீட்டுக் கழிவும் இறங்குறது அதே மண்ணுலதானே.

போர் கேஸிங் பைப் தரைக்கு மேல ஒரு அடியாவது தூக்கி நிக்கணும், மூடி டைட்டா இருக்கணும். அதே மாதிரி மொட்டை மாடித் தண்ணிய நேரா போருக்குள்ள விடாதீங்க, மணல் ஜல்லி போட்ட ஃபில்டர் தாண்டித்தான் போகணும்.

ஸ்டெப் 2: சம்ப் கழுவறது

இத ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பண்ணுங்க, தயவுசெஞ்சு தனியா பண்ணாதீங்க. மூடியே கிடந்த சம்ப்ல ஆக்ஸிஜன் கம்மியா இருக்கும், புதுசா கட்டின சம்ப்ல சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கினவங்க அப்படியே மயங்கி இறந்துபோன செய்தி நம்ம ஊர்ல எத்தனை தடவை வந்திருக்கு. மூடியத் திறந்து சில மணி நேரம் விடுங்க, ஃபேன் வச்சு காத்து உள்ள அடிங்க, சம்ப் மோட்டாரோட மெயின ஆஃப் பண்ணுங்க, இறங்குறவர் இடுப்புல கயிறு கட்டி மேல ரெண்டு பேர் பிடிச்சுக்கணும். டீசல் பம்ப உள்ள இறக்கவே கூடாது, அந்தப் புகையே ஆளக் கொன்னுடும். உள்ள யாராவது மயங்கிட்டா காப்பாத்துறேன்னு பின்னாடியே குதிக்காதீங்க, காத்து அடிச்சுகிட்டே 101க்கு கூப்பிடுங்க.

செப்டிக் டேங்க்ல மட்டும் மனுஷன இறக்கவே இறக்காதீங்க, எவ்வளவு காசு குடுத்தாலும் சரி. மனுஷக் கழிவ மனுஷனே அள்ளுறதத் தடை செய்ற 2013 சட்டப்படி அது குற்றம், அதுக்கும் மேல அது ஒருத்தரோட உயிர். உறிஞ்சுற வண்டிக்கு 14420க்கு போன் பண்ணுங்க.

கழுவும்போது சோப்பு வேண்டாம், பிரஷ்ஷும் தண்ணியும் போதும், கடைசியா ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு அலசி விடுங்க. விரிசல் இருந்தா அன்னைக்கே பூசுங்க. ஓவர்ஃப்ளோ பைப் வாய்ல கொசுவலை கட்டுங்க, டெங்கு கொசு சுத்தமான தண்ணியிலதான் முட்டை போடும்.

ஸ்டெப் 3: குளோரின்

1000 லிட்டருக்கு புது ப்ளீச்சிங் பவுடர் 2.5 கிராம். 6000 லிட்டர் சம்ப்னா 15 கிராம், கண்ணளவு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்துக்கோங்க. பக்கெட்ல கரைச்சு சுண்ணாம்பு அடியில படிய விட்டு, மேல தெளிஞ்சத மட்டும் ஊத்துங்க, ஒரு மணி நேரம் கழிச்சு யூஸ் பண்ணுங்க. பாக்கெட் திறந்து ரொம்ப நாள் ஆயிருந்தா வீரியம் போயிருக்கும். டாய்லெட் கழுவுற ஆசிட்டோட இது சேரவே கூடாது, விஷவாயு வரும்.

கலங்கலா இருக்கும்போது குளோரின் போட்டா சரியா வேலை செய்யாது, மொதல்ல தெளிய விடுங்க. எங்க ஆச்சி பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசி விடுவாங்க, கலங்கல் அடியில போய் உக்காந்துடும். ஆனா அது தெளிய வைக்கத்தான், கிருமிக்கு இல்ல.

ஸ்டெப் 4: லேப் டெஸ்ட்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல லேப் இருக்கு, கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் தண்ணி டெஸ்ட் பண்றாங்க. கிருமி டெஸ்ட்டுக்கு லேப் குடுக்குற ஸ்டெரைல் பாட்டில்லதான் எடுக்கணும். குழாய் வாய ஸ்பிரிட்ல துடைச்சு, ரெண்டு மூணு நிமிஷம் தண்ணி ஓட விட்டு, பாட்டில் உள்பக்கம் கை படாம பிடிச்சு, ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே கொண்டு போயிடுங்க.

ரிப்போர்ட்ல மொதல்ல ஈ.கோலி பாருங்க, அது மலத்துல இருந்து வர்ற கிருமி, 100 மில்லியில ஒண்ணு கூட இருக்கக் கூடாது. அடுத்து நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. இது ரெண்டும் சேந்து ஏறியிருந்தா செப்டிக் டேங்க் கசியுதோன்னு பாக்கணும். நைட்ரேட்ட காய்ச்சி எடுக்க முடியாது, காய்ச்சக் காய்ச்ச தண்ணி வத்தி இன்னும் கூடத்தான் செய்யும், அதனால கைக்குழந்தைக்கு பால் கலக்க அந்தத் தண்ணி வேண்டவே வேண்டாம். மத்தபடி ஃப்ளோரைடு 1, கடினத்தன்மை 200, டிடிஎஸ் 500, இதெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. வேற வழி இல்லன்னா டிடிஎஸ் 2000 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இந்தியத் தர விதியே சொல்லுது.

ஸ்டெப் 5: இப்பதான் மெஷின்

ரிப்போர்ட் கைக்கு வராம ஆர்ஓ வாங்காதீங்க. டிடிஎஸ் 500க்கு கீழ இருந்து நைட்ரேட், ஃப்ளோரைடும் சரியா இருந்தா ஆர்ஓ தேவையில்ல, யூவி ஃபில்டரோ நல்லா கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியோ போதும். ஆர்ஓவுல ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய போகுது, 2019 வெயில்ல குடத்தோட லாரிக்கு நின்னவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். இன்னொண்ணு, ஆர்ஓல இருக்குற கார்பன் குளோரின எடுத்துடும், அதனால அந்தச் சின்ன டேங்க்ல தண்ணி நாள்கணக்கா நின்னா மறுபடி கிருமி வளரும், ஊருக்குப் போயிட்டு வந்தா மொதல்ல அத முழுசா காலி பண்ணிடுங்க.

எங்க சம்ப் மூடிக்கு உள்பக்கம் கழுவின தேதிய பெயிண்ட்ல எழுதி வச்சிருக்கோம். ரிப்போர்ட்ட பக்கத்து நாலு வீட்டுக்கும் காட்டினேன், அவங்க போரும் அதே நிலத்தடித் தண்ணியத்தான் இழுக்குது. ரெண்டு வீட்ல இந்த வாரமே பாட்டில் வாங்கப் போறாங்க.