பேஸ்மென்ட் வாடகைக்கு எடுக்கும் முன்: ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸ் வரை

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வீடு பெரும்பாலும் ஒரு பேஸ்மென்ட்தான். எண்பதுகளில் வந்தவர்கள் நகர மையத்தில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில் இருந்தார்கள். பிறகு ஸ்காபரோவின் அடுக்குமாடிகளுக்கு மாறினார்கள். கையில் காசு சேர்ந்ததும் தனிவீடு வாங்கி மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் என்று வடக்கேயும் கிழக்கேயும் நகர்ந்தார்கள். வாங்கிய வீட்டின் மோர்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, கைகொடுப்பது கீழ்த்தள வாடகை. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் தமிழராக, சிலவேளை சொந்தக்காரராகவே இருப்பார். "எங்கட ஆக்கள்தானே, எழுத்து எதுக்கு" என்ற பேச்சும் கூடவே வரும். பிணக்கு வரும்போது அந்த எழுத்துத்தான் தேவைப்படும், வாங்கி வையுங்கள்.

சமையலறை யாருடையது, வீடு எந்த ஆண்டு?

ஒன்ராறியோவில் வாடகைக்காரரைக் காப்பது 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். வீட்டுக்காரரோடோ அங்கே வசிக்கும் அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டும் என்ற நிலையில் அறை எடுத்தால் அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. தனிச் சமையலறையும் குளியலறையும் இருந்தால் பொருந்தும். உடுப்புத் தோய்க்கும் இடத்தைப் பகிர்ந்தாலும் பரவாயில்லை. அனுமதி இல்லாமல் கட்டிய பேஸ்மென்டில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. "இது சட்டப்படியான யூனிட் இல்லை, உங்களுக்கு உரிமை ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது தேதி. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய யூனிட்டுகளுக்கு வாடகை கூட்டுவதில் உச்சவரம்பு கிடையாது. மற்றவற்றுக்கு அரசு ஆண்டுதோறும் ஒரு வீதம் அறிவிக்கும்: 2025இல் 2.5%, 2026இல் 2.1%. மாதம் 1,800 டொலர் வாடகையென்றால் 2026இல் கூட்டக்கூடியது 37.80 டொலர். புதுக் கட்டடத்தில் அதே வாடகையை 300 டொலர் கூட்டினாலும் வரம்பு மீறியதாகாது. இரண்டிலும் 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஏஜாக்ஸ், விட்பி பக்கம் புதுக் குடியிருப்புகளில் முதல் வருட வாடகை மலிவாகத் தெரியும். இரண்டாம் வருடத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். புதிதாகப் பிரித்துக் கட்டிய பேஸ்மென்டும் இந்த விலக்கில் வரக்கூடும். "இங்கே முதலில் எந்த வருடம் ஆட்கள் இருந்தார்கள்" என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முற்பணம்

கேட்கக்கூடியது முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான். திறப்புக்கு வைப்பு வாங்கலாம், ஆனால் புதுத் திறப்பு செய்யும் செலவுக்கு மேல் போகக்கூடாது. திறப்பைக் கொடுத்ததும் அது திரும்பி வரவேண்டும். சேத வைப்பு என்று எதையும் கேட்க முடியாது. முன்தேதியிட்ட காசோலைகளையும் கட்டாயப்படுத்த முடியாது. கடைசி மாதப் பணத்துக்கு வருடாவருடம் வட்டி உண்டு; தமிழ் வீடுகளில் அதைக் கேட்டு வாங்குபவர் குறைவு.

புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் வரலாறு, அதாவது இங்கே கடன் வாங்கிக் கட்டிய பதிவு, இருக்காது. அதைக் காட்டி ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தா என்று கேட்பது சட்டத்துக்கு மாறானது. வரலாறு இல்லை என்பதையே குறையாக எடுக்கக்கூடாது என்பது மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், இங்கே வேலை செய்யும் ஒருவரின் உத்தரவாதக் கையெழுத்து ஆகிய மூன்றையும் ஆயத்தமாகக் கொண்டுபோனால் பேச்சு சுலபமாகும். சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வீட்டைப் பார்க்குமுன் ஒரு டொலரும் அனுப்பாதீர்கள். காசாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

ஒப்பந்தம் ஒன்ராறியோவின் நியம வாடகைப் படிவத்தில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 30இலிருந்து இதுதான் விதி. தரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளில் வராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் படிவம் பின்னர் 30 நாளுக்குள் வந்துவிட்டால் அதைக் கட்டியாக வேண்டும், ஆகவே அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

படிவத்தில் கட்டாயம் நிரப்ப வேண்டியது யூட்டிலிட்டிப் பங்கு. "கரண்ட், காஸ், தண்ணிக்கு ஏதோ கொஞ்சம்" என்று விட்டால் சண்டை அங்கேதான் தொடங்கும். மேலே ஆறு பேர், கீழே இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 40% கேட்பவர்களும் உண்டு. வீதத்தை எண்ணால் எழுதுங்கள், பில் பிரதியும் கேளுங்கள். வெப்பம் இன்னொரு தலைவலி: தெர்மோஸ்டாட் மேல்மாடியில் இருக்கும், கீழே குளிரும். மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். ஒரு சிறு வெப்பமானி வாங்கி வைத்துத் தேதியோடு படம் எடுங்கள்.

பார்க்கப் போகும்போது அளவுநாடா கொண்டுபோவது வெட்கமில்லை. இரண்டாம் யூனிட்டாகப் பிரிக்கும் பேஸ்மென்டுக்குக் கட்டட விதி கேட்கும் கூரை உயரம் 1.95 மீட்டர். படுக்கையறை ஜன்னல், தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடியதாக 0.35 சதுர மீட்டர் திறக்க வேண்டும், எந்தப் பக்கமும் 38 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் இருக்கிறதா பாருங்கள். அனுமதியற்ற யூனிட்டை நகரசபை மூடினால் உரிமை இருந்தும் நீங்கள் வேறு வீடு தேடவேண்டி வரும்.

"மாத முடிவில் எழும்புங்கோ"

வாய்ச்சொல்லில் யாரையும் எழுப்ப முடியாது. வீட்டுக்காரரோ அவருடைய நெருங்கிய குடும்பமோ குடியேற வேண்டுமென்றால் என்-12 படிவமும் குறைந்தது 60 நாள் அவகாசமும் வேண்டும்; 60 நாள் மட்டும் கொடுத்தால் ஒரு மாத வாடகை இழப்பீடும் உண்டு. குத்தகைக் காலம் முடியுமுன் அதுவும் செல்லாது. வெளியேற்றும் உத்தரவு தரக்கூடியது வாடகைத் தீர்ப்பாயம் மட்டுமே. பூட்டை மாற்றுவது குற்றம். என்-11 என்ற தாளை நீட்டினால் கவனம்: அது நீங்களாகவே போகச் சம்மதிப்பது. ஒப்பமிட்டால் இழப்பீடு கேட்கும் பிடி போய்விடும்.

தூரம்

ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் மார்க்கம். முன்பு அந்தக் கோட்டைத் தாண்ட இரண்டு கட்டணம். 2024 பெப்ரவரி 26இலிருந்து ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரிரிசிக்கும் யோர்க், டர்ஹம் பேருந்துகளுக்கும் கோ ரயிலுக்கும் இடையே மாறினால் இரட்டைக் கட்டணம் இல்லை; எல்லாவற்றிலும் ஒரே பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் போதும். ஸ்காபரோவில் ஓடிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு நிரந்தரமாக மூடப்பட்டது. நீட்டிப்புச் சுரங்க ரயில் வரும்வரை ஸ்காபரோ சென்டரிலிருந்து கெனடி நிலையம் வரை பேருந்துதான். ஏஜாக்ஸில் வாடகை குறைவென்று போகிறவர் கோ ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு எடுக்காவிட்டால் கார் வாங்குவார். கார்க் காப்புறுதி தபால் குறியீட்டைப் பொறுத்து மாறும், புதிய ஓட்டுநருக்கு அது மிகக் கடுமை. வாடகையில் மிச்சம் பிடித்ததை அது தின்றுவிடும்.

புதுக் குடியிருப்பில் பள்ளியையும் விசாரியுங்கள். பக்கத்தில் இடமில்லாவிட்டால் பிள்ளையை மஞ்சள் பேருந்தில் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். கல்விச் சபையின் இணையத்தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று தெரியும்.

வாங்குவது பற்றி

8,00,000 டொலர் வீட்டுக்குக் குறைந்தபட்ச முற்பணம் 55,000: முதல் 5,00,000க்கு 5%, மிச்சத்துக்கு 10%. அதோடு முடியாது. நிலமாற்று வரி மாகாணத்துக்கு 12,475. ரொறன்ரோ எல்லைக்குள் என்றால் நகருக்கும் அதே தொகை மறுபடி. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழிக்கும். அதன் பிறகும் ஸ்டீல்ஸின் தெற்கில் வாங்குபவர் வடக்கில் வாங்குபவரைவிட 8,000 டொலர் கூடுதலாகக் கட்டுகிறார். மோர்ட்கேஜ் காப்புறுதிக் கட்டணத்தைக் கடனில் சேர்க்கலாம், அதன்மேல் விழும் 8% மாகாண வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

சீட்டுக் காசில் முற்பணம் கட்ட நினைப்பவர்கள் கவனிக்க: வங்கி 90 நாள் கணக்கு விவரம் கேட்கும். திடீரென்று வந்து விழுந்த 30,000 டொலருக்கு விளக்கம் கேட்பார்கள், சீட்டுக்குத் தாள் இருக்காது. எடுத்த பணத்தை மூன்று மாதம் முன்பே கணக்கில் போட்டு விடுங்கள்.

உறவினர் வீடு வாங்க உங்கள் பெயரையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் போடச் சொல்வது அடிக்கடி நடக்கும். மாகாணத்தின் முதல் வீட்டுக் கழிவு உலகில் எங்கும் வீடு வைத்திருந்ததில்லை என்பவருக்குத்தான். பெயரைக் கொடுத்த அன்றே அது உங்களுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உங்கள் பெயரில் வீடு இருந்திருந்தாலும் அதே கதைதான். லோயரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.