டிசம்பரில் இத்தாலிக்கு ரயிலில் போங்கள்

மியூனிக்கில் வசிக்கும் நானும் கணவரும் குளிர்கால விடுமுறைக்கு இத்தாலிக்கு ரயிலில்தான் போவோம். பிரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கு நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து வெனிஸ், புளோரன்ஸ், ரோம் எல்லாமே சுலபம். அதிவேக ரயில் டிக்கெட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுங்கள், விலை நன்றாகக் குறையும்.

அடுத்து தேதிகள். டிசம்பர் 25, 26, ஜனவரி 1, 6 நான்கும் அரசு விடுமுறை. 25 அன்று புளோரன்ஸின் உஃபிசி கலைக்கூடம் திறக்காது. வத்திக்கான் அருங்காட்சியகம் 26 அன்றும் மூடியிருக்கும். அந்த நாட்களில் ரோமின் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் குடில் பார்க்கப் போங்கள், அத்தனை அழகு! ஐந்து மணிக்குள் இருட்டிவிடும், அதனால் வெளியிடங்களைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வெனிஸில் கடல்நீர் ஏறினால் சான் மார்க்கோ சதுக்கம்தான் முதலில் நனையும். நீர் புகாத பூட்ஸ் கட்டாயம்.

குளிருக்கு, புளோரன்ஸில் ரிபொல்லிட்டா சாப்பிடுங்கள். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருநிற கேல் கீரை எல்லாம் சேர்ந்து குழைந்த கெட்டி சூப். மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். சைவம் என்றால் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காபியைக் கவுண்டரில் நின்றே குடியுங்கள். உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடுதல்.