கொசுறு கொடுங்கள், அடுத்த ஆர்டர் வரும்

வீட்டில் இட்லிப் பொடியும் ஊறுகாயும் செய்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்புகிறீர்களா? வாங்குபவர் உங்கள் அடுப்படியைப் பார்த்ததில்லை, அவர் கைக்கு வந்து சேரும் பெட்டிதான் அவருக்கு உங்கள் கடை. ஊறுகாய் பாட்டிலின் வாயைச் சீல் செய்து, மூடியை இறுக்கி, தனி கவரில் கட்டிய பிறகே பெட்டியில் வையுங்கள். எண்ணெய் கசிந்து பொடிப் பாக்கெட்டெல்லாம் பிசுபிசுத்துப் போனால், ருசி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் திரும்பி வரமாட்டார். லேபிளில் நிகர எடை, தயாரித்த தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும்.

சரி, இனி கொசுறு. காய்கறிக்காரம்மா கேட்காமலே போடும் கறிவேப்பிலைக் கொத்து மாதிரிதான் இதுவும், முன்கூட்டியே சொல்லாதீர்கள். வாங்கிய பொருளையே கூடக் கொஞ்சம் தருவதில் பயன் குறைவு, அவர் இன்னும் ருசி பார்க்காததைக் கொடுங்கள்: இட்லிப் பொடி வாங்கியவருக்கு 50 கிராம் பருப்புப் பொடி, கூடவே "சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து பாருங்கள்" என்று கையால் எழுதிய ஒரு சீட்டு. இதன் செலவை முதலிலேயே விலையில் கணக்குப் போட்டுவிடுங்கள். விற்காமல் தேங்கிய பழைய சரக்கைத் தயவுசெய்து கொசுறாகத் தள்ளாதீர்கள், அது அவமதிப்பு. அப்புறம், 200 கிராம் பொடி ஒரு சின்னக் குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்கிட்டு, தீரும் நேரத்தில் "பருப்புப் பொடி பிடித்ததா?" என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்.