உயர் அழுத்தத்தில் மூலக்கூறுகள்: புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1999-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கார்பன் டைஆக்சைடைச் சுமார் 40 கிகாபாஸ்கல் (ஒரு கிகாபாஸ்கல் என்பது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு) அழுத்தத்தில் வைத்து, லேசரால் 1,800 கெல்வின் வரை சூடாக்கினார்கள். கிடைத்த பொருளில் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறு என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு ஒற்றைப் பிணைப்பால் கோத்திருந்தது. மணலிலுள்ள சிலிக்காவைப் போன்ற, முடிவில்லாமல் நீளும் வலைப்பின்னல்.

இதை விளக்கும் பலரும், நெரிசலான பேருந்தில் ஆட்கள் ஒட்டி நிற்பதைப் போல மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டன என்று எழுதிவிடுகிறார்கள். நெருங்குவது தொடக்கம் மட்டுமே. அதன்பின் பழைய பிணைப்புகள் அறுந்து புதியவை உருவாகின்றன. முழுமையான வேதிவினை அது.

‘அழுத்தம் பிணைப்பை உடைக்கிறது’ என்பதும் அரைகுறை விளக்கம்தான். நைட்ரஜனைப் பாருங்கள். அதன் முப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். வலைப்பின்னலில் இரண்டு அணுக்களுக்கு மூன்று ஒற்றைப் பிணைப்புகள். அவை உருவாகும்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றல், ஒன்றுக்கு 160 கிலோஜூல் வீதம் வைத்தாலும் 480-ஐத் தாண்டாது. சாதாரண நிலையில் இது பெரிய நட்டம். ஈடுகட்டுவது கன அளவு. 100 கிகாபாஸ்கலில் ஒரு மோல் பொருள் 1 கன சென்டிமீட்டர் சுருங்கினாலே 100 கிலோஜூல் மிச்சமாகிறது. குறைந்த இடத்தில் அடங்கும் அமைப்பு அங்கே வெல்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

கணக்கு சாதகமானால் மாற்றம் உடனே நடந்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நைட்ரஜன் இப்படி ஒற்றைப் பிணைப்பு வலைப்பின்னலாலான ஒரு கனசதுரப் படிகமாகும் என்று 1992-லேயே கோட்பாட்டாளர்கள் கணித்துவிட்டார்கள். சுமார் 50 கிகாபாஸ்கலே போதும் என்றது கணிப்பு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தில் மிகைல் எரெமெட்ஸ் குழு அதைச் செய்து காட்டியது 2004-ல். அதற்கு 110 கிகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தமும் 2,000 கெல்வினுக்கு மேல் வெப்பமும் தேவைப்பட்டன. முப்பிணைப்பு விட்டுக்கொடுக்கக் கடக்க வேண்டிய ஆற்றல் தடை அவ்வளவு உயரம். அழுத்த அளவை மட்டும் எழுதி வெப்பநிலையை விட்டுவிட்டால் வாசகருக்குப் பாதி உண்மைதான் போய்ச்சேரும்.

100 கிகாபாஸ்கல் என்றதும் ராட்சத இயந்திரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். மாதிரியை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நெருக்குகிறார்கள். 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வைர முனையில் அந்த அழுத்தத்துக்குச் சுமார் 80 கிலோ எடையின் விசை போதும். கைக்குள் அடங்கும் கருவி, அதில் தூசியளவு மாதிரி.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் கூடாது. உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் கறுத்துப்போனாலும் அது படிக வலைப்பின்னல் ஆகிவிட்டதாகப் பொருளில்லை; ஒழுங்கற்ற நிலையிலும் கறுக்கும். ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியிலிருந்து அணுக்களின் அதிர்வைக் காட்டும் பதிவு) மூலக்கூறு அதிர்வுக்குரிய கோடு மறைய வேண்டும், புதிய அமைப்பின் கோடு தோன்ற வேண்டும், அணுக்களின் அடுக்கைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவும் (diffraction) ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக, அழுத்தத்தை எடுத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றோ, அப்படியே நிலைக்கும் என்றோ பொதுவாகச் சொல்லாதீர்கள். 1914-ல் அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் வெண் பாஸ்பரஸை 200 டிகிரி செல்சியஸில், சுமார் 1.2 கிகாபாஸ்கலில் அழுத்தியபோது அதன் நான்கணு மூலக்கூறுகள் அடுக்கடுக்கான கரும் பாஸ்பரஸாக மாறின. அது அறைச் சூழலிலும் நிலைக்கிறது. லிவர்மோரின் கார்பன் டைஆக்சைடு வலைப்பின்னலோ, அறை வெப்பநிலையில் சுமார் 1 கிகாபாஸ்கல் வரைதான் தாக்குப்பிடித்தது.